சுருதி தவறும் காஸெட் பெட்டி

வீட்டுப் பரணில் பழைய காஸெட் பெட்டி ஒன்று தூங்கிக் கொண்டிருக்கும். காலஞ்சென்ற பாட்டனாரின் குரலும், என்றோ நடந்த கல்யாணத்து நாதஸ்வரமும் பதிந்த நாடாக்கள் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் கிடக்கும். ஆசையாக ஒரு நாள் எடுத்துப் போட்டால் பாட்டனார் குழந்தையைப் போலக் கீச்சிடுகிறார். இல்லாவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து இழுத்து இழுத்துப் பேசுகிறார். உடனே பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் தள்ளி விடுகிறார்கள். பல சமயங்களில் கோளாறு எலுமிச்சம்பழம் அளவுள்ள மோட்டாரோடு நின்றிருக்கும் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

1963-ம் வருஷம் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனியார் இந்தக் காஸெட்டை அறிமுகப்படுத்தினார்கள். நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது கணக்கு. அதில் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் போதும், ஒரு கட்டை சுருதியில் பாடிய வித்வான் ஒன்றரைக் கட்டைக்கு ஏறி விடுவார்! 30 நிமிஷம் ஓட வேண்டிய பக்கம் 28 நிமிஷத்துச் சொச்சத்தில் தீர்ந்து விடும். அந்த வேகத்திலேயே கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துக் கொண்டு, மூல நாடாவைக் குப்பையில் போடுகிறவர்களும் உண்டு. பேரக் குழந்தைகள் கேட்கப் போவது யாருடைய குரலோ!

யார் குற்றவாளி?

எடுத்த எடுப்பில் மோட்டார் மேல் பழி போடக் கூடாது. மோட்டாரின் சுழற்சியைக் கனமான சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் ரப்பர் பெல்ட் நாளடைவில் தொய்ந்து விடும். சில பெட்டிகளில் தாரைப் போல உருகி ஒட்டிக் கொண்டும் இருக்கும். மின்சாரத் தொடர்பை அடியோடு எடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் அதைத் துடைத்துப் புது பெல்ட் போட வேண்டும். வேகம் குறைந்தால் சந்தேகம் பலர் மேல் விழும். வேகம் கூடினாலோ திருடன் அநேகமாக மோட்டாருக்குள்ளேயே இருக்கிறான்.

பல பெட்டிகளில் இருப்பது 12 வோல்ட் மோட்டார். நிமிஷத்துக்கு 2,400 சுற்று. வேகம் ஏறாமலும் இறங்காமலும் காக்க, அதன் முதுகில் சிறு மின்சாரத் தகடு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதிலுள்ள கண்டென்ஸர் வருஷக் கணக்கில் உலர்ந்தாலோ கசிந்தாலோ காவல் போய்விடும். மோட்டார் தறிகெட்டு ஓடும். அதே அளவு, அதே வோல்ட் உள்ள புதுக் கண்டென்ஸரைக் கூட்டல், கழித்தல் முனை மாறாமல் பற்ற வைத்தால் சரியாகி விடும். செலவு சொற்பம்தான்.

மோட்டார் கிறீச்சிட்டால் தண்டு சுழலும் பித்தளைப் புஷ்ஷில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனையால் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள்; அது பிசினாகி மோட்டாரையே கட்டிப் போட்டுவிடும். எண்ணெய் அதிகமானாலும் ஆபத்து, பிரஷ் வரை போய்க் கரியோடு சேர்ந்து சேறாகும். விட்டு விட்டு ஓடும் மோட்டாரில் இந்த அழுக்குத்தான் பெரும்பாலும் காரணம்.

வேகத்தைத் திருத்த மோட்டாரின் முதுகில் ஒரு துளையும், அதற்குள் ஒரு திருகும் உண்டு. அதைத்தான் எல்லாரும் முதலில் திருகுகிறார்கள்! சாகக் கிடக்கும் மோட்டாரைத் திருகினால் இன்று சரியாக ஓடும். நாளைக்கு மறுபடி தவறும். கோளாறைத் தீர்த்து, கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகே பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். 3,000 ஹெர்ட்ஸ் நாதம் பதிந்த பரிசோதனை நாடா இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால், கடையில் வாங்கிய பாட்டு நாடாவை அதே பதிவின் இசைத்தட்டோடு ஒத்திட்டுப் பார்க்கலாம்.

மோட்டாரையே மாற்ற நேர்ந்தால் வோல்ட்டையும் சுற்றையும் மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் பக்கம் சுழலுகிறது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். எதிர்ப்பக்கம் சுழல்வதை வாங்கிவிட்டு, கம்பியை மாற்றிக் கொடுத்தால் திரும்பிச் சுழலும் என்று நினைத்தால், உள்ளிருக்கும் தகடு கருகிப் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் பாட்டனாரின் நாடாவைப் போட அவசரப்பட வேண்டாம். போனால் போகிறது என்ற பழைய சினிமாப் பாட்டு நாடா ஒன்றை இரண்டு பக்கமும் முழுக்க ஓடவிட்டு, கசக்காமல் வெளியே வருகிறதா என்று பார்த்துக் கொண்ட பிறகு அதைப் போடலாம்.