பஸ் நஷ்டம் யார் தலையில்?

மும்பையின் சிவப்பு பஸ்களைப் பல காலம் ஓட்டியது டீசல் மட்டுமல்ல, மின்சார பில்லும்தான். 1873-ல் டிராம் கம்பெனியாகத் தொடங்கி, 1926-ல் பஸ் விட்டு, 1947-ல் மாநகராட்சி வசமான 'பெஸ்ட்', நகரின் தென்பகுதிக்கு மின்சாரமும் விநியோகிக்கிறது. பஸ்ஸில் விழுந்த துண்டை மின் வருமானம் அடைத்தது. மின் நுகர்வோர் எதிர்க்க, அந்த வழி கடைசியில் அடைபட்டது.

2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயானது. கூட்டம் திரும்பி வந்தது, பஸ்கள்தான் வரவில்லை. பழையவை கழிக்கப்பட, வாடகை பஸ்கள் நுழைந்தன. வண்டியும் டிரைவரும் ஒப்பந்தக்காரருடையது, வழித்தடமும் கட்டணமும் பெஸ்ட்டுடையது. கட்டுப்படியாகவில்லை என்று சில ஒப்பந்தக்காரர்கள் பாதியில் கழன்றுகொண்டார்கள். ஒரு காலத்தில் 4,000-ஐத் தாண்டியிருந்த பஸ்கள் 2025-ல் 3,000-க்கும் கீழே. அதே ஆண்டு மே மாதம் கட்டணம் 10 ரூபாயாக ஏறியது.

மாநகராட்சி பணம் தருகிறது, போதவில்லை. மீதியை யார் கொடுப்பது என்பது முடிவாகும்வரை, லோக்கல் ரயிலிலிருந்து இறங்கி பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பவர்தான் கொடுக்கிறார்: இரட்டிப்புக் கட்டணமாகவும், காத்திருக்கும் நேரமாகவும்.