குளிர் விதிக்கும் கெடு

ஜூனில் கம்பி வரவில்லை. ஜூலையில் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் கையிருப்பு தீர்ந்தது. எல்லாம் மீண்டும் கூடிவரும்போது செப்டம்பர் முடிந்துவிடுகிறது. லேயில் வீடு கட்டுகிறவர்களுக்கு இதற்குப் பிறகுதான் உண்மையான தலைவலி. தோண்டிய குழியில் இப்போதே கான்கிரீட் போடுவதா, மே மாதம்வரை பொறுப்பதா? பொறுத்தால் வாடகையும் விலைவாசியும் கடிக்கும். அவசரப்பட்டால் அஸ்திவாரமே போய்விடலாம்.

சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரில் கட்டட வேலைக்குக் கிடைப்பது ஐந்து மாதம்தான். பிகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் தொழிலாளர்கள் அக்டோபரில் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். சோஜி லா கணவாயில் பனி கொட்டினால் சிமெண்ட் லாரிகள் நின்றுவிடும். 2020இல் அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகும் மணாலி சாலையில் பாரலாச்சா லா போன்ற உயரமான கணவாய்கள் மிச்சம் இருக்கின்றன. 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றபோது குளிருக்கு மிஞ்சியிருந்தது இரண்டு மாதம்தான். சோக்லம்சரில் ஆயத்தப் பாகங்களைப் பொருத்தி அவசரமாக வீடுகளை எழுப்ப வேண்டியதாயிற்று.

அக்டோபர் வெயில் ஏமாற்றுக்காரன். பகலில் சட்டை போதும். இரவில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிடும். ஜனவரியிலோ மைனஸ் 20 டிகிரி. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. குளிர் ஏற ஏற அந்த வினை தளர்ந்து, தண்ணீர் உறைந்ததும் அநேகமாக நின்றேபோகிறது. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும்; இளம் கான்கிரீட்டை அது உள்ளிருந்தே பிளந்துவிடும். பலத்தில் பாதிவரைகூடப் போய்விடலாம். இதில் விபரீதம் என்னவென்றால், உறைந்த கான்கிரீட் தட்டிப்பார்த்தால் கல்போலத்தான் இருக்கும். குட்டு உடைவது வசந்தத்தில், உருகும்போது.

1981இல் வெளியான இந்தியத் தர விதி, சுமார் 5 டிகிரிக்கும் கீழே போடப்படும் எதையும் குளிர்காலக் கான்கிரீட்டாகவே கருதுகிறது. தண்ணீரைச் சூடாக்கிக் கலக்க வேண்டும். ஜல்லியில் பனிக்கட்டி ஒட்டியிருக்கக் கூடாது. போட்டபின் போர்த்திக் காக்க வேண்டும். வைக்கோலும் தார்ப்பாயும் இங்கே கம்பளிக்குச் சமம். சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடைக் கலப்பது பழைய குறுக்குவழி. இறுகும், உண்மைதான். கூடவே கம்பியும் துருப்பிடிக்கும்.

கான்கிரீட் தேறிவிட்டாலும் மண் சும்மா இருப்பதில்லை. வண்டல் கலந்த ஈர மண் உறையும்போது கீழிருந்து நீரை உறிஞ்சிப் பனி அடுக்குகளாக வீங்கும். மேலே சுவரின் பாரமோ வீட்டின் கதகதப்போ இல்லாத வெற்று அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். ஒரு மூலை மட்டும் எழும்பினால் போதும், பின்னால் எழுப்பும் சுவரில் விரிசல் நிச்சயம். எனவே உறைமட்டத்துக்கும் கீழே தோண்டுவதும், கான்கிரீட் இறுகியதும் குழியை மண்ணால் நிரப்பிவிடுவதும் கட்டாயம். திறந்த குழியை அப்படியே விட்டுக் குளிரைக் கழிப்பதுதான் மோசமான வழி.

முன்னோர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. கல்லால் அடித்தளம், கோடை வெயிலில் காய்ந்த மண் கட்டி, அவ்வளவுதான். தோண்டுமுன் பூமிக்கடியில் வாழும் 'லு' என்ற நாக தேவதைகளைச் சாந்தப்படுத்துவார்கள். நாள் குறிப்பவர் ஓன்போ என்கிற சோதிடர். அவர் குறிக்கும் நாள் அக்டோபர் கடைசியில் விழுந்தால், சடங்குக்கு ஒரு கல்லை நட்டுவிட்டு, சிமெண்ட் மூட்டையை மே மாதம் பிரித்துக்கொள்ளலாம்.