சுவர் விழுந்த பின்



புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தை நாம் அறிவோம். அவ்வூரில் 1872-இல் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று. மக்கள் நிற்க இரு பகுதிகள், சாதியின்படி. இடையே சுவர். 1910-இல் அது அகற்றப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள்.

இன்று நம் கிராமப் பங்குகளில் அப்படிச் சுவர் இல்லை. திருப்பலியில் ஒரே பீடத்தைச் சூழ்ந்து நிற்கிறோம். திருவிழா அசனத்தில் ஒரே பந்தியில் உண்கிறோம். ஆனால் அன்பியக் கூட்டம் வீடு வீடாகச் செல்லும்போதுதான் நம்மை நாம் அறிகிறோம். இறைவார்த்தை வாசித்து, நோயாளிகளுக்காக மன்றாடி, அண்டை வீட்டாரின் துன்பங்களைக் கேட்கும் எளிய கூட்டம் அது. நம் தெருவில் முப்பது பேர் வருவார்கள். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் என்று அறிவித்தால், ஏழெட்டுப் பேர். கேட்டால் வயல் வேலை என்பார்கள், இரவு ஏழு மணிக்கு! வந்தவர்களிலும் சிலர் அவ்வீட்டார் தரும் தேநீரைத் தொடுவதில்லை.

இதைத் தவிர்க்கச் சில இடங்களில் கூட்டத்தைக் கெபியருகே மாற்றினோம். எல்லாரும் வருகிறார்கள். நமக்கும் அது எளிதாக இருந்தது. அந்த வீட்டிற்கு மட்டும் இன்னும் யாரும் போகவில்லை.