பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கும் "நாய்க்குட்டி"!

வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் மேல் ஒரு பழைய துணி. துணியின் மேல் தூசி.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அது வந்து இறங்கியபோது வீட்டில் திருவிழா. பொட்டு வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அதில்தான் மகள் பாடம் படித்தாள். மகன் தட்டச்சு பழகினான். கல்யாணப் படங்கள், பேரக்குழந்தையின் முதல் படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

இப்போது? பொத்தானை அமுக்கிவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அப்போதும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பழுது பார்க்க வந்தவர், "இது செத்துப்போச்சு அய்யா. காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, புதுசு வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

புதுசு என்றால் பல ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது லேசான தொகையா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டி பெரும்பாலும் சாகவே இல்லை! அதன் முதுகில் ஏற்றிய பாரம்தான் தாங்கவில்லை.

ஆயிரம் மடங்கு பாரம்!

கம்ப்யூட்டரில் கையால் தொடக்கூடிய எந்திரம் ஒன்று. அந்த எந்திரத்தை நடத்துகிற "இயக்க முறை" இன்னொன்று. "விண்டோஸ்" என்பது ஓர் இயக்க முறை. எந்திரம் மாடு என்றால், இயக்க முறை அது இழுக்கிற வண்டி.

அந்த வண்டி எப்படி கனத்துப்போனது என்று பாருங்கள்.

1995-ம் ஆண்டில் வந்த விண்டோஸ் 95, "ராம்" என்கிற நினைவகம் 4 எம்.பி. இருந்தால் போதும் என்றது. 2001-ம் ஆண்டில் வந்த எக்ஸ்.பி. குறைந்தது 64 எம்.பி. கேட்டது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்கு 1 ஜி.பி. வேண்டும். அதாவது 1,024 எம்.பி.! 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கோ 4 ஜி.பி. வேண்டும்.

26 ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு! வீட்டில் கடிதம் எழுதுவதும் கணக்குப் போடுவதும் ஆயிரம் மடங்கு கூடிவிட்டதா என்ன?

விண்டோஸ் 11 இன்னொரு நிபந்தனையும் போட்டது. பாதுகாப்புக்கென்று ஒரு தனி வசதி எந்திரத்தில் இருக்க வேண்டும். சிப்பும் அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எந்திரங்கள் பல, இந்தச் சோதனையில் தோற்றன. விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு உதவியோ, 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. ஆக, எந்திரம் ஓடும்; ஆனால் காவல் இல்லை. இது கொஞ்சம் அநியாயம்தான்.

மேடையும் பரணும்

பெட்டி ஏன் திணறுகிறது? சமையல் அறையை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும்.

ராம் என்பது சமையல் மேடை. ஹார்டு டிஸ்க் என்பது பரண். சமைக்க வேண்டிய சாமான் எல்லாம் மேடைக்கு வந்தால்தான் வேலை நடக்கும். மேடை சின்னதாக இருந்தால்? ஒரு பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, இன்னொன்றை இறக்க வேண்டும். மறுபடியும் முதல் பாத்திரம் தேவைப்படும். மறுபடியும் ஏணி!

பழைய கம்ப்யூட்டரின் சிறிய விளக்கு ஓயாமல் மினுக்குவதும், உள்ளே "கரகர" என்று சத்தம் கேட்பதும் பெரும்பாலும் இந்த ஏற்றி இறக்கும் வேலைதான்.

மேடையைப் பெரிதாக்கலாம். அது ஒரு வழி. பாத்திரங்களைக் குறைப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியைக் காட்டுவதுதான் "லினக்ஸ்".

மாணவர் செய்த வேலை

பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரம் இருக்கிறது. 1991-ம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுவதற்காக ஓர் இயக்க முறையின் உட்கருவை அவரே எழுதினார். பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்" என்று விட்டுவிட்டார்.

இன்று ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பது அந்த லினக்ஸ்தான். 2021-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி செவ்வாய்க் கிரகத்தில் முதன்முதலாகப் பறந்த "இன்ஜெனுவிட்டி" என்ற குட்டி ஹெலிகாப்டரை நடத்தியதும் லினக்ஸ்தான்!

சென்னையில் உள்ள அரசு ஆராய்ச்சி மையமான "சி-டாக்", "பாஸ்" என்ற பெயரில் இந்திய மொழிகளுக்காக ஒரு லினக்சை உருவாக்கியது.

லினக்ஸ் என்றால் ஒன்று அல்ல. அரிசி ஒன்றுதான், இட்லி, தோசை, இடியாப்பம் என்று எத்தனை! லினக்சிலும் அப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. பழைய எந்திரத்துக்கென்றே ஆக்கிய இலேசான வகைகளில் ஒன்றுதான் "பப்பி". அதாவது நாய்க்குட்டி.

நாய்க்குட்டி வந்த கதை

பாரி கவுலர் என்பவர் ஆஸ்திரேலியாக்காரர். மற்ற லினக்சுகளும் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போவது அவருக்குப் பிடிக்கவில்லை. தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து, 2003-ம் ஆண்டில் ஒன்றை உருவாக்கினார். தாம் வளர்த்த "பப்பி" என்ற குட்டி நாயின் பெயரையே அதற்கு வைத்தார். தொடக்க காலத்தில் அது முழுவதும் 100 எம்.பி.க்குள் அடங்கியது. 2013-ல் அவர் விலகிக்கொண்டார். அதன்பின் பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து அதை வளர்த்து வருகிறார்கள்.

இந்த நாய்க்குட்டியிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அது பரணுக்கே போகாது! பென் டிரைவிலிருந்து நேராக மேடைக்குத் தாவி ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பழைய பெட்டியிலும் துள்ளி ஓடுகிறது. ஹார்டு டிஸ்க் கெட்டுப்போன கம்ப்யூட்டரில் கூட ஓடும்.

வெள்ளோட்டம்

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பென் டிரைவ் போதும். பப்பியை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைச் சும்மா நகல் எடுத்துப் போட்டால் ஓடாது. "ரூபஸ்", "எட்சர்" போன்ற இலவசச் செயலி ஒன்றைக் கொண்டு எழுத வேண்டும். அப்படி எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும். ஆகவே வெற்று பென் டிரைவாக இருப்பது நல்லது.

பெட்டியைத் திறந்து தூசி தட்டுவதையும் அன்றே முடித்துவிடலாம். (மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான்!) உள்ளே ஒற்றை ரூபாய் நாணயம் போல ஒரு வட்டமான பாட்டரி இருக்கும். அதன் பெயர் சி.ஆர்.2032. பல ஆண்டுகள் ஆனால் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்துபோகும். தேதி தவறினால் இணையப் பக்கங்கள், "பாதுகாப்பு இல்லை" என்று கதவைச் சாத்திவிடும். "இணையமே வரவில்லை" என்று பலர் தலையில் கை வைப்பதற்கு, சில ரூபாய் பெறுமான இந்தப் பாட்டரியே காரணமாக இருப்பது உண்டு.

பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டதும் எப்.12, எப்.9, எஸ்கேப் போன்ற ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். எது என்பது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். "எதிலிருந்து கிளம்பட்டும்?" என்று அது கேட்கும். பென் டிரைவைக் காட்டினால் போதும்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடும். பயப்பட வேண்டாம். சற்று நேரத்தில் படங்களோடு கூடிய திரை வந்துவிடும்.

முதல் நாள் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விண்டோசில் ஒரு படத்தை இரண்டு முறை தட்டித் திறந்து பழக்கம். பப்பியில் ஒரு முறை தட்டினாலே திறந்துவிடும். பழக்க தோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் இரண்டு ஜன்னல்கள் திறக்கும். சின்னப் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் பழகிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு வாரம் ஆகும்!

கடிதம் எழுத "அபிவேர்டு", வரவு செலவுக்கு "நியூமெரிக்" போன்றவை அதிலேயே இருக்கும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால், தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். "லோகித்" அல்லது "நோட்டோ" எழுத்துருவை இலவசமாகச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

படங்கள் கிடைத்தன!

திரையின் கீழே சின்னச் சின்னப் பெட்டிப் படங்கள் இருக்கும். அவைதான் ஹார்டு டிஸ்க்கின் பகுதிகள். ஒன்றைத் தட்டினால், விண்டோசில் வைத்திருந்த கோப்புகள் அப்படியே தெரியும். விண்டோஸ் திறக்க மறுக்கிற கம்ப்யூட்டரிலும், ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, ரகசியப் பூட்டுப் போடாமலும் இருந்தால் இது நடக்கும். கல்யாணப் படங்களையும் பேரனின் படத்தையும் அங்கிருந்து வேறொரு பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பழைய பெட்டியை இனி யாரும் தொடப்போவதில்லை என்றாலும், இந்த ஒரு காரியத்துக்காகவே நாய்க்குட்டியை ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம்.

வேலை முடிந்து நிறுத்தும்போது, "செய்ததைச் சேமிக்கட்டுமா?" என்று பப்பி கேட்கும். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும். பென் டிரைவை எடுத்துவிட்டால் பழைய விண்டோஸ் முன்பு இருந்தபடியே இருக்கும்.

எச்சரிக்கை!

சோதித்துப் பார்ப்பது வேறு; நிரந்தரமாக ஏற்றுவது வேறு. நிரந்தரமாக லினக்சை ஏற்றும்போது, "டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் "சரி" என்று தட்டினால், பத்து ஆண்டுப் படங்கள் ஒரே நிமிஷத்தில் போய்விடும். படங்கள் இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும்.

தினமும் புழங்கவும், பணம் கட்டவும் பப்பியை விட, ஒழுங்காகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் வேறு வகை நல்லது. பப்பியில் உட்காருகிறவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. அது வசதி, ஆபத்தும் அதுவே. 2 ஜி.பி. ராம் உள்ள எந்திரத்துக்கு "லுபுண்டு", "லினக்ஸ் மின்ட்" வகையில் "எக்ஸ்.எப்.சி.இ." ஆகியவற்றை முயலலாம். 4 ஜி.பி. இருந்தால் சிரமமே இராது.

எது முடியாது?

லினக்ஸ் மந்திரக்கோல் அல்ல. விண்டோசுக்கென்று எழுதிய கணக்கு மென்பொருள்கள் பல இதில் நேராக ஓடாது. சில பழைய பிரிண்டர்களும் வயர்லெஸ் கருவிகளும் முரண்டு பிடிக்கும். ஆகவேதான் முதலில் வெள்ளோட்டம்.

பெரிய தொல்லை இணையம்தான். இயக்க முறை எவ்வளவு இலேசாக இருந்தாலும், இணையப் பக்கங்கள் இலேசாக இல்லை. 1 ஜி.பி. பெட்டியில் இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்தாலே மேடை நிரம்பிவிடும். மறுபடியும் ஏணிதான். எழுதவும், கணக்குப் போடவும், பாட்டுக் கேட்கவும் அந்தப் பெட்டி நன்றாக உழைக்கும். தெளிவான வீடியோ வகுப்பு வேண்டும் என்றால் முடியாது.

வயதுக்கும் ஓர் எல்லை உண்டு. 2006-ல் வந்த "கோர் 2 டியோ"வும் அதற்குப் பின் வந்த மேசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவையும் 64 பிட் வகை. அவற்றுக்குக் கவலை இல்லை. அதற்கு முந்திய 32 பிட் எந்திரங்களை லினக்சுகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. 2016-ல் கூகிள் குரோம், லினக்சில் 32 பிட்டை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த "டெபியன் 13", 32 பிட் எந்திரத்தில் புதிதாக ஏற்றுவதை நிறுத்திவிட்டது. அவ்வளவு ஏன்? லினஸ் முதன்முதலில் லினக்சை எழுதியது "386" என்ற சிப் உள்ள கம்ப்யூட்டரில். 2012-ம் ஆண்டில் அந்த 386-ஐயே லினக்சின் உட்கருவிலிருந்து எடுத்துவிட்டார்கள்! பிறந்த தொட்டிலையே தூக்கிப் போட்ட கதைதான்.

குப்பை மலை

2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் தூக்கி எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட கணக்கு இது. அதில் 100-க்கு 22 பங்குதான் முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது. பழைய போர்டுகளின் பற்றவைப்பிலும், பழைய குழாய் மானிட்டரின் கண்ணாடியிலும் ஈயம் உண்டு. செம்புக்காக ஒயர்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினால், அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது கொளுத்துகிறவரும் அவர் பிள்ளைகளும்தான்.

நாய்க்குட்டியும் கைவிட்டு, பெட்டியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு நிலையத்தில் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை மட்டும் வீட்டில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து "டெலிட்" செய்த படங்களையும் பத்திர நகல்களையும் விஷயம் தெரிந்த ஆசாமி திரும்ப எடுத்துவிட முடியும்.