ஊர்தியின் இயல்பறிதல்

நுழையும்முன்

எந்திரங்களுக்கும் தனித்தனி இயல்பு உண்டு என்பர் அவற்றோடு நெடுங்காலம் பழகியோர். கையேடுகளில் முழுமையாக எழுதப்படாத அவ்வறிவு, ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டும் பார்த்தும் பெறுகின்ற தொழிலறிவாகும். அறிமுகமில்லாத லாரி ஒன்றை ஏற்கும் ஓட்டுநர், அதன் இயல்பை எவ்வாறு அறிந்துகொள்கிறார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே அச்சு, வேறு இயல்பு

ஒரே தொழிற்சாலையில் உருவான இரு லாரிகள் சாலையில் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அடிச்சட்டம் ஒன்றாயினும், பட்டறையில் அமையும் கூண்டின் உயரமும் எடையும் வேறுபடும். அதற்கேற்ப, வளைவில் ஊர்தி சாயும் அளவும் மாறும். பல்லாண்டு உழைப்பால் நேரும் தேய்மானமும், முன்பு ஓட்டியவரின் பழக்கமும் இவ்வேறுபாட்டை மேலும் வளர்க்கின்றன. கிளட்ச் மிதிமீது எப்போதும் கால் வைத்தே ஓட்டியவரின் லாரியில் கிளட்ச் விரைவில் தேய்ந்திருக்கும்.

எனவே, இருபது ஆண்டுப் பட்டறிவுடைய ஓட்டுநரும் புதிய லாரியின் முன் மாணவரே. சில வேளைகளில் அப்பட்டறிவே அவரை ஏமாற்றும். கால் பழைய லாரியின் பிரேக்கை நினைத்தே புதிய லாரியின் பிரேக்கை அழுத்தும்.

கண்ணும் செவியும்

தேர்ந்த ஓட்டுநர் ஏறி அமர்வதற்கு முன் லாரியை ஒருமுறை சுற்றிவருவார். இரட்டைச் சக்கரங்களின் இடுக்கில் கல் சிக்கியுள்ளதா, தரையில் எண்ணெய் சொட்டியுள்ளதா என நோக்குவார். சக்கரத் திருகுமரையைச் சுற்றித் துருக்கோடு தெரிந்தால், அது தளர்ந்திருக்கக்கூடும் என ஐயுறுவார். டயரைத் தடியால் தட்டும்போது எழும் ஒலி, காற்று மிகக் குறைந்த டயரைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து அவர் கருதுவது பிரேக். கனரக லாரிகளின் பிரேக்குகள் காற்றழுத்தத்தால் இயங்குகின்றன. எந்திரத்தால் இயங்கும் கம்பிரசர், காற்றைத் தொட்டிகளில் அடைத்து வைக்கிறது. போதிய அழுத்தம் சேரும் முன் லாரியை நகர்த்துதல் பிழை. எந்திரத்தை நிறுத்தியபின் அழுத்தமானியின் முள் விரைந்து இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது என்பது பொருள். அப்போது எழும் சீறல் ஒலியைச் செவி தேடும்.

பின்னர், ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியபின் சக்கரம் திரும்புகிறது, பிரேக் பிடித்தால் லாரி ஒருபக்கம் இழுக்கிறதா என்பனவற்றை அங்கேயே அறிந்துகொள்வார்.

கணவாய் வைக்கும் தேர்வு

சமவெளியில் மறைந்திருக்கும் குறை, மலையிறக்கத்தில் வெளிப்படும். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர்க் கணவாய், விபத்துகள் பல நிகழ்ந்த இறக்கமாகும். சுமையேற்றிய லாரி நெடிய இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், உராய்வினால் பிரேக் சூடேறும். சூடேற ஏற அதன் பிடிப்பு குறையும். இறுதியில், மிதித்தாலும் லாரி நில்லாது.

இதனைத் தவிர்க்கும் வழி, இறக்கம் தொடங்கும் முன்னரே தாழ்ந்த கியருக்கு மாறுவதாகும். அப்போது எந்திரமே லாரியின் விரைவைக் கட்டுப்படுத்தும். டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் சிலர் நியூட்ரலில் இறங்குகின்றனர். இஃது ஆபத்தானது மட்டுமன்று, கணக்கும் தவறு. ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் கியரில் இறங்கும்போது, இன்றைய எந்திரங்களில் டீசல் செலுத்துவது நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எந்திரம் அணையாதிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும்.

புதிய லாரி எந்தக் கியரில் எவ்வளவு சுமையைத் தாங்கி இறங்கும் என்பதைக் கணவாயின் நடுவில் கற்க இயலாது. அங்கே செய்யும் பிழையைத் திருத்திக்கொள்ள நேரமில்லை. அதன் விலையை முன்னே செல்பவர்களும் செலுத்த நேரிடும்.

இயல்பும் குறையும்

லாரியை ஒப்படைப்பவரிடம் கேட்டறிதல் தலைசிறந்த வழி. 'காலைக் குளிரில் இரண்டாம் கியர் இறுக்கமாக விழும்' என அவர் கூறினால், அதனை இயல்பெனக் கொண்டு, எந்திரம் சூடேறும்வரை பொறுமையாக இயக்கலாம். 'பிரேக் சற்று இடப்பக்கம் இழுக்கும். பழகிவிடும்' என்றால், அது பழகிக்கொள்ளத்தக்க இயல்பன்று. சீர்செய்ய வேண்டிய குறை.

நாள்தோறும் ஓட்டுபவருக்குக் குறையும் இயல்பாகவே தோன்றத் தொடங்கும். அவர் செவி அந்த ஒலியைக் கேட்டுக் கேட்டு மரத்திருக்கும். புதிதாக வந்தவருக்கோ ஒவ்வோர் ஒலியும் கேள்வியாகும். ஆகவே, அறிமுகமின்மை ஒரு குறைபாடு மட்டுமன்று. அஃது ஒரு வாய்ப்பும் ஆகும். முதல் நாளில் தோன்றிய ஐயத்தைக் கூச்சத்தால் மறைக்காமல் கேட்டுத் தெளிபவரே, ஊர்தியையும் உயிர்களையும் காக்கிறார்.