உடைந்த குன்று

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வறண்ட மேற்குப் பகுதியில் உள்ளது புரோக்கன் ஹில் நகரம். 'உடைந்த குன்று' என்பது அப்பெயரின் பொருள். 1883இல் மேய்ச்சல் நில எல்லைக் காவலர் சார்லஸ் ராஸ்ப் அங்கே வெள்ளீயம் கண்டதாக எண்ணினார். கிடைத்ததோ வெள்ளியும் ஈயமும்! துத்தநாகமும் பின்னர் எடுக்கப்பட்டது. தோண்டத் தோண்டக் குன்று மறைந்தது, பெயர் எஞ்சியது. முதன்மைத் தெருவுக்கும் வெள்ளியின் பெயரே.

அச்செல்வத்தின் விலை பெரிது. 800க்கும் மேற்பட்ட தொழிலாளர் சுரங்கங்களில் உயிரிழந்தனர். 1919இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 18 மாதங்கள் நீடித்தது. அதன் பயனாக வாரத்திற்கு 35 மணி நேர வேலை கிட்டியது.

புழுதியும் ஊரை வாட்டியது. 1936 முதல், ஆல்பர்ட் மாரிசின் யோசனைப்படி, சுற்றுப்புற நிலங்களுக்கு வேலியிட்டனர். ஆடும் முயலும் புகாமையால் செடிகள் தாமே தழைத்துப் புழுதியைத் தடுத்தன. ஆஸ்திரேலிய தேசிய மரபுடைமைப் பட்டியலில் 2015இல் இடம்பெற்ற முதல் நகரம் இதுவே.