ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள்

தென் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வட்டாரத்தில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் போனால் ஒரு சுண்ணாம்புக் குன்று வரும். ஓல்டு சாரம் என்று பெயர். உச்சியைச் சுற்றி இரண்டு அடுக்காக அகழியும் மண்கரையும் ஓடுகின்றன. நடுவில் இடிந்த கோட்டையின் அடிச்சுவர்கள், மீதியெல்லாம் புல். மேலே ஒரு வீடு கிடையாது. 19ஆம் நூற்றாண்டு பிறந்தபோதும் கிடையாது. ஆனால் 1832 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபைக்கு இந்தப் புல்மேடு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் பஞ்சாலைப் புகைக்குள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லை.

இத்தகைய இடங்களை 'அழுகிய தொகுதிகள்' என்று வரலாற்றுப் பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடும். ஆளே இல்லாத இடத்தில் வாக்குப் போட்டது யார், தேர்தல் என்ற ஒன்று எப்படித்தான் நடந்தது என்று கேட்டுக்கொண்டு போனால்தான் சுவாரசியம். அப்படிப் போகும்போது பாதிவழியில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை வந்து நிற்கிறது.

முதலில் ஊரின் கதை. இரும்புக் காலத்தில் எழுந்த மண்கோட்டைக்குள் நார்மன்கள் அரண்மனையும் பேராலயமும் கட்டினார்கள். இங்கிலாந்தை வென்ற வில்லியம் 1086 ஆகஸ்டில் நாட்டின் பெரிய நிலக்கிழார்களை வரவழைத்துத் தனக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் வாங்கியது இங்கேதான். பேராலயத்துக்கு 1092இல் குடமுழுக்கு நடந்தது. ஐந்தாம் நாளே புயல் வந்து அதைச் சேதப்படுத்திவிட்டது. குன்று என்றால் காற்று. காற்றென்றால் சாதாரணக் காற்றில்லை, ஜெபம் பாடும்போது ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்பதில்லை என்று குருமார் புலம்பினார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு வேறு. வெயிலில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை கண்ணைக் கூசுகிறது என்பதும் அவர்களுடைய புகார்ப் பட்டியலில் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, கோட்டைச் சிப்பாய்களோடு ஒரே மதிலுக்குள் குடியிருந்தது.

கடைசியில் போப்பிடம் அனுமதி பெற்று, 1220இல் கீழே ஆற்றங்கரைச் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கோயில் போன பக்கம் ஊரும் போனது. இன்றைய சாலிஸ்பரி அப்படிப் பிறந்ததுதான். பழைய பேராலயத்தின் கற்களைப் பெயர்த்துப் புதிய கோயில் வளாகத்துக்கு மதில் கட்ட 1331இல் அரசன் மூன்றாம் எட்வர்ட் அனுமதி கொடுத்தான்.

மேட்டில் புல் முளைத்தது. அதற்கடியில் என்ன இருக்கிறது என்று 2014இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தினர் மண்ணைத் தோண்டாமலே பார்த்தார்கள். இதற்குச் சில வழிகள் உண்டு. சூளையில் வெந்த களிமண் லேசான காந்தத் தன்மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நூற்றாண்டுகள் கழித்தும் நுட்பமான காந்தமானி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தினால் ஈரமான குழிகளில் எளிதாகப் பாயும், கல் அஸ்திவாரத்தில் தடைபடும். இவற்றோடு தரையை ஊடுருவும் ராடாரையும் சேர்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்து அளந்ததில், வெளிமதிலையொட்டிப் பெரிய கட்டடங்களும் குடியிருப்புகளும் சூளைகள் இருந்த தடயங்களும் வரைபடமாக எழுந்துவந்தன. ஒருகாலத்தில் அங்கே உண்மையாகவே ஒரு நகரம் இருந்தது. முதலாம் எட்வர்ட் 1295இல் நாடாளுமன்றத்தைக் கூட்டியபோது இந்த ஊரிலிருந்தும் இரண்டு பேரை அழைத்தான். கோயில் போய் 75 ஆண்டு ஆகியும் பழைய பெருமைக்காகக் கிடைத்த அழைப்பு. கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இனிமேல்தான் விஷயத்தின் நுட்பம். பழைய இங்கிலாந்தில் யாருக்கு வாக்கு என்பதை ஊருக்கு ஊர் வேறுவேறு வழக்கம் தீர்மானித்தது. சில ஊர்களில் வரி கட்டுபவருக்கு, சில ஊர்களில் நகரசபை உறுப்பினருக்கு, ஒருசில இடங்களில் சொந்த அடுப்பில் பானை வைத்துச் சமைக்கும் எந்த ஆணுக்கும். ஓல்டு சாரத்தில் வாக்கு மனையோடு ஒட்டியிருந்தது. பழங்காலத்து நகர மனைகள் என்று பதிவான குறிப்பிட்ட சில துண்டு நிலங்கள் யாருடைய பெயரில் இருக்கின்றனவோ அவர் வாக்காளர். மனையில் வீடு இருக்க வேண்டியதில்லை, அவர் அங்கே குடியிருக்கவும் வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் அந்த மனைகள் உழவு நிலத்தின் நடுவே கிடந்த வெறும் பாத்திகள்.

ஆகவே மொத்த நிலத்தையும் வாங்கியவர் தொகுதியையும் வாங்கியவரானார். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். அதனால் தேர்தல் நெருங்கும்போது மனைகளை நம்பிக்கையான சிலர் பெயரில் பத்திரம் எழுதி மாற்றுவார்கள். வேலை முடிந்ததும் பத்திரம் திரும்பி வந்துவிடும். நம் ஊரில் பினாமி என்று சொல்வோமே, அதன் சுத்தமான வடிவம், அதுவும் சட்டத்துக்கு உட்பட்டது. குன்றின் அடிவாரத்து வயலில் ஓர் எல்ம் மரத்தடியில் கூடாரம் போட்டுத் தேர்தல் நடக்கும். தேர்தல் அதிகாரியையும் நில உரிமையாளரே நியமிப்பார். விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள் வருவார்கள், முன்பே முடிவான இரண்டு பெயர்களைச் சொல்வார்கள், கலைந்துபோவார்கள். தொகுதியின் கடைசிக் காலமான 1831இல் வாக்காளர்கள் 11 பேர். அத்தனை பேரும் வெளியூர்க்காரர்கள்.

ஊர் காலியாகிவிட்டதே, தொகுதியின் மதிப்புக் குறைந்திருக்குமே என்று நமக்குத் தோன்றும். நேர்மாறு. ஆயிரம் வாக்காளர் உள்ள ஊரில் ஆயிரம் பேரைக் குளிர்விக்க வேண்டும், சாராயம் வாங்கித்தர வேண்டும், அப்படியும் தோற்கலாம். ஆளில்லாத ஊரில் செலவும் இல்லை, சந்தேகமும் இல்லை. ஜனம் குறையக் குறைய விலை ஏறும் சொத்து அது.

அதை 1690-91 வாக்கில் சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி வங்காளத்தில் திருட்டு வணிகம் செய்து சம்பாதித்தவர். கம்பெனி அவர்மீது வழக்குப் போட்டது, ஆளை அடக்க முடியவில்லை. நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆகிவிட்ட அவரை எதிரியாக வைத்திருப்பதைவிடச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது மேல் என்று கடைசியில் கம்பெனி முடிவு செய்தது. அவர் 1698இல் சென்னைக்குக் கவர்னராக வந்து இறங்கினார்.

பிட் இங்கே 11 ஆண்டுகள் இருந்தார். முகலாயத் தளபதி தாவூத் கான் 1702இல் கோட்டையை முற்றுகையிட்டபோது சமாளித்தவர். கறுப்பர் நகரத்தில் 1707இல் வலங்கை, இடங்கைச் சாதியினர் மோதிக்கொண்டபோது தெருக்களைப் பிரித்துக்கொடுத்துப் பஞ்சாயத்துப் பண்ணியவர். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்களும் 1708இல் கம்பெனிக்கு வந்ததும் இவர் காலத்தில்தான். சென்னை விரிந்த வரலாற்றில் இதெல்லாம் உண்டு. இங்கிலாந்தில் இவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது ஒரு கல்.

கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்து வைரம். வெட்டாத நிலையில் சுமார் 410 கேரட். ஜம்சந்த் என்ற வியாபாரி அதைச் சென்னைக்குக் கொண்டுவர, பேரம் பேசிப் பேசி 48,000 வராகனுக்குப் பிட் வாங்கினார். வாங்கிய முறை பற்றி வதந்திகள் கிளம்பவே, நேர்மையாக விலைகொடுத்துத்தான் வாங்கினேன் என்று பின்னாளில் சத்தியம் செய்து எழுதிவைக்க வேண்டியிருந்தது. லண்டனில் பட்டை தீட்டியதும் 140 கேரட்டாகக் குறைந்த அந்தக் கல்லை 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுனுக்கு வாங்கினார். இன்றும் அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிட் குடும்பம் அந்தப் பணத்தில் கார்ன்வாலில் பெரும் பண்ணை வாங்கிப் பிரபுக்கள் வரிசையில் அமர்ந்தது. ஓல்டு சாரம் பரம்பரைச் சொத்தாகத் தொடர்ந்தது.

பேரன் வில்லியம் பிட் 1735இல் சபைக்குள் நுழைந்தது அந்த மேட்டின் உறுப்பினராகத்தான். அண்ணன் இரண்டு தொகுதிகளில் தேர்வாகியிருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு இதைத் தம்பிக்குக் கொடுத்தார். பின்னாளில் நாட்டையே நடத்திய அந்த வில்லியம், 1766இல் அமெரிக்க வரிப் பிரச்சினை விவாதத்தில் பேசும்போது, இந்த மாதிரித் தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய பாகம், நூறு ஆண்டு தாங்காது, தானாக உதிராவிட்டால் வெட்டித்தான் எறிய வேண்டும் என்றார். அவருடைய மகன் இளைய பிட், பிரதமராக இருந்தபோது 1785இல் ஒரு மசோதாவுக்கு அனுமதி கேட்டார்: 36 தொகுதிகளை உரிமையாளர்களுக்கு இழப்பீடு கொடுத்து அரசே வாங்கிக் கலைத்துவிடலாம் என்று. 248க்கு 174 என்று தோற்றது. வாக்குரிமையை நிலம் மாதிரிக் கிரயம் கொடுத்து வாங்குவது அன்று பலருக்கு விநோதமாகப் படவில்லை. ஓல்டு சாரத்தின் சொந்தக்காரரான உறவினர் ஒருவர், என் தொகுதியை இங்கிலாந்து வங்கிக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள், வங்கி இரண்டு உறுப்பினர் வைத்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். கிண்டலாக இல்லை, மெய்யாகவே.

இந்தியப் பணம் பிட்டோடு நிற்கவில்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்துக் கொழுத்த சென்னை ஆங்கிலேயர் பலர் ஊர் திரும்பி இத்தகைய தொகுதிகளில் முதலீடு செய்தார்கள். அவர்களில் பால் பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை முந்தைய சபைக்குள் வைத்திருந்தார் என்று 1785இல் எட்மண்ட் பர்க் குற்றம்சாட்டினார். கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டது கர்நாடகத்தின் நிலவரி. சில ஆண்டுகள் தஞ்சாவூர் நெல்லும் அதில் சேர்ந்தது. அந்த வரியைக் கட்டிய குடியானவர்களுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் யாரும் இல்லை. வட்டி வாங்கியவருக்கு எட்டுப் பேர்.

ஓல்டு சாரமும் 1802இல் கைமாறியது. கேலிடன் பிரபு 60,000 பவுனுக்கு வாங்கினார். அந்த நிலத்திலிருந்து ஆண்டுக்கு வந்த வருமானம் அதிகம் போனால் 700 பவுன். முப்பது ஆண்டு வருமானத்தை நில விலையாக வைத்தாலும் 21,000தான் ஆகும். மிச்சம் 39,000 பவுனும் இரண்டு நாற்காலிகளுக்கான விலை. வாங்கியவரின் தந்தை கம்பெனி உத்தியோகத்தில் சம்பாதித்துத் திரும்பியவர். அத்தையின் கணவர் ஜோசையா டு ப்ரே 1770களின் தொடக்கத்தில் சென்னைக் கவர்னர். அதே பெயரைத் தாங்கிய மருமகன் ஜோசையா டு ப்ரே போர்ச்சர், சென்னையில் வேலைபார்த்துத் திரும்பியவர், 1807 முதல் ஓல்டு சாரம் உறுப்பினராக உட்கார்ந்தார். விற்றவர், வாங்கியவர், உட்கார்ந்தவர் மூவரின் பணப்பையிலும் வங்கக் கடலோர மணல் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜான் ரஸ்ஸல் 1831 மார்ச் 1 அன்று சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தபோது, பிரதிநிதித்துவத்துக்குப் புகழ்பெற்ற நாட்டைப் பார்க்க வரும் ஓர் அந்நியரைக் கற்பனை செய்யச் சொன்னார். அவரை ஒரு மண்மேட்டுக்கு அழைத்துப்போய், இது இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது என்று காட்டினால் என்ன நினைப்பார்? மசோதா இரண்டாம் வாசிப்பில் 302க்கு 301 என்று ஒரே ஒரு வாக்கில் தப்பியது. பிறகு சபை கலைப்பு, மறுதேர்தல், பிரபுக்கள் சபையின் நிராகரிப்பு, நாட்டிங்ஹாமிலும் பிரிஸ்டலிலும் தீவைப்பு. ஒருவழியாக 1832 ஜூன் 7 அன்று சட்டமானது. முதல் அட்டவணையில் இருந்த 56 தொகுதிகள் அடியோடு நீங்கின. ஓல்டு சாரம் அவற்றில் ஒன்று. பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்ட டன்விச் என்ற துறைமுக ஊர் இன்னொன்று. அயர்லாந்தில் 1800இல் தொகுதிகளை ஒழித்தபோது ஒவ்வொன்றின் உரிமையாளருக்கும் 15,000 பவுன் கொடுத்த அரசு, இந்தமுறை யாருக்கும் ஒரு காசு கொடுக்கவில்லை. தொகுதி சொத்தல்ல என்று சட்டம் நடந்துகாட்டியது அந்தக் கொடுக்காத பணத்தில்தான். அந்தத் துணிவுதான் என் பார்வையில் 1832இன் பெரிய சாதனை. மற்றபடி அந்தச் சட்டத்துக்குப் பிறகும் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை.

தொகுதி போனாலும் அது விட்டுப்போன ஒரு வில்லங்கம் நீண்ட நாள் இருந்தது. 1802இல் தொகுதியை விற்பதற்கு முந்தைய ஆண்டு, அப்போதைய உரிமையாளரான இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு, அரசாங்கத்தைச் சீண்டுவதற்கென்றே ஹார்ன் டூக் என்ற கலகக்காரரை ஓல்டு சாரம் உறுப்பினராக்கினார். டூக் ஒருகாலத்தில் பாதிரியாராகப் பட்டம் பெற்றவர். பாதிரியார் சபையில் உட்காரலாமா என்று சர்ச்சை எழ, இனிமேல் கூடாது என்று 1801இல் அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள். டூக்கை மட்டும் அந்தச் சபையின் காலம் முடியும்வரை விட்டுவைத்தார்கள். ஒரு மேட்டின் விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்களால் வந்த அந்தத் தடை மட்டும் இரண்டு நூற்றாண்டுகள் நீங்கவில்லை. கத்தோலிக்கக் குருவாக இருந்து விலகிய டேவிட் கேர்ன்ஸ் ஸ்காட்லாந்தில் போட்டியிட வந்தபோதுதான், 2001இல், அதை நீக்கினார்கள்.